பெங்களூரில் கிடைத்த களி



கேழ்வரகு என்று நூல்களில் எழுதுகிறோம். பாண்டி நாட்டுப் பக்கம் அதனைக் கேப்பை என்பார்கள். சேலம், கொங்குப் பகுதிகளில் ஆரியம் என்ற பெயரும் உண்டு. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கேவுரு. இலங்கைத் தமிழருக்குக் குரக்கன். நாம் வந்து குடியேறியுள்ள கன்னட நாட்டிலோ அதன் பெயர் ராகி. இத்தனை பெயர் சூட்டிய ஒரு தானியத்தை, நம்மவர் ஒரு காலத்தில் வாயால் சொல்லவும் கூசினார்கள் என்றால் அது வியப்பல்லவா? அந்தக் கூச்சத்தைப் பற்றியும், அது பெங்களூரில் எவ்வாறு நீங்கியது என்பதைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறோம்.

இளமைப் பருவத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை முதலிய வட்டாரங்களில் கழித்தவர்களுக்குக் களி என்றால் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. அது வானம் பார்த்த பூமி. ஏரி நிறைந்த ஆண்டில் கொஞ்சம் நெல். நிறையாத ஆண்டில் கேழ்வரகும் சாமையும் கம்பும் கொள்ளுந்தான். விடியற்காலையில் வீட்டுக்கு வீடு ஏந்திரம் சுழலும் ஓசை கேட்கும். இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, ஒரே பிடியை இருவரும் பற்றி அரைப்பார்கள். பேச்சும் மாவும் ஒன்றாகவே உதிரும். நண்பகலில் களி. கழனியில் இருப்பவர்களுக்குக் கூடையில் வைத்து, மேலே துணி மூடி எடுத்துச் செல்வார்கள். இரவிலும் களிதான். மீந்த உருண்டையைப் பானை நீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் அதுவே கூழ். மோர் ஊற்றிக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்தை ஒரு கடி கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய கால்கள் இன்று பெங்களூரின் மாடி வீடுகளில் நடமாடுகின்றன.

நெல்லுச் சோறு பண்டிகைக்கு உரியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும், விருந்தினர் வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும் சோறு. ஆகையால் குழந்தைகளின் உள்ளத்தில் சோறு என்பது ஆசையாகவும், களி என்பது அன்றாடமாகவும் பதிந்துவிட்டது. மொழியும் இதற்குத் துணை நின்றது. ‘கூழுக்கும் வழியில்லை’ என்றால் கொடிய வறுமை. ‘கூழோ கஞ்சியோ குடித்துக்கொண்டு கிடக்கிறோம்’ என்றால் அடக்கமான முறையீடு. சிறைக்குப் போவதைக்கூடக் ‘களி தின்னப் போகிறான்’ என்றுதானே சொல்கிறோம்! கூழுக்குப் பாடியவள் என்று ஔவையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையிலும் கூழ் எளியோர் கொடுக்கும் பொருளாகவே வருகிறது; அரசன் கொடுக்கும் பொருளாக வரவில்லை. ஓர் உணவைக் குறித்து இத்தனை தாழ்வான சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஊரை விட்டுப் புறப்படும்போது எதை முதலில் விட்டுவிட்டுப் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பெங்களூருக்குத் தமிழர் வந்த வரலாறு நீண்டது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டுப் பகுதியை நிறுவியபோது, படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் வந்தவர்களில் நம்மவர் மிகப் பலர். பின்னர் நெசவாலைகள் வந்தன. 1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. நாடு விடுதலை பெற்றபின் தொலைபேசி, கைக்கடிகாரம், மின்னணுக் கருவிகள் செய்யும் பொதுத்துறை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம், காக்ஸ் டவுன் என்று நம்மவர் குடியிருப்புகள் பரவின. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். காவிரிக் கரையிலிருந்து வந்தவர்கள் களியை அறியாதவர்கள். வட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் களியிலேயே வளர்ந்தவர்கள். ஆனால் அயலூரில் தமிழர் உணவு என்று பெயர் பெற்றது காவிரிக் கரையின் உணவுதான். இட்டலியும் சாம்பாரும் சோறும் இரசமும் தமிழ்நாட்டின் அடையாளமாகிவிட்டன. மாதச் சம்பளம் கையில் வந்ததும் புன்செய்க்காரரும் ‘எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அதில் ஒரு பெருமிதம் இருந்தது. பசியை அறிந்தவர்களின் பெருமிதம் அது. அதனை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை.

இதற்கு அரசியலும் பொருளாதாரமும் வழி கோலின. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 போன்ற நெல்வகைகள் வந்தன. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தமிழகத்தில் பெரும் முழக்கமாயிற்று. ஆட்சி மாறியபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கலாயிற்று. பட்டினியைப் போக்கிய பெரும் நன்மை இது. ஆனால் அரிசி வீடு தேடி வரும்போது, விதைத்து, களை எடுத்து, கதிர் அறுத்து, போரடித்து, புடைத்து, அரைத்து, அதன்பின் கிண்டவும் வேண்டிய கேழ்வரகை யார் நாடுவார்கள்? ஏந்திரங்கள் தோட்டத்து மூலைக்குப் போயின. சில வீடுகளில் அவை துணி துவைக்கும் கல்லாகவும் பயன்பட்டன.

நிற்க. பெங்களூரில் நாம் கண்டது என்ன? இங்கே தென் கன்னட மாவட்டங்களான மண்டியா, ராமநகரம், துமகூரு, ஹாசன், கோலார் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் நம் அண்டை வீட்டார். நாட்டின் ராகி விளைச்சலில் பாதிக்கு மேல் இம்மாநிலத்தில்தான். அவர்களும் ராகி மாவைக் கொதிநீரில் கிண்டி உருட்டுகிறார்கள், முத்தெ என்கிறார்கள். ஆனால் அவர்கள் அதனை ஒளித்து உண்பதில்லை. நிலக்கிழார் வீட்டிலும் முத்தெ, கூலிக்காரர் வீட்டிலும் முத்தெ. திருமண விருந்திலும் அதற்கு இடம் உண்டு. மிலிட்டரி ஓட்டல் என்று இங்கே வழங்கும் புலால் உணவகங்களில், நண்பகலில் அலுவலர்களும் வாகன ஓட்டிகளும் ஒரே மேசையில் அமர்ந்து முத்தெயைப் பிட்டுச் சாற்றில் தோய்த்து விழுங்குவதைக் காணலாம். 1996ஆம் ஆண்டில் இந்நாட்டின் பிரதமரான தேவெ கவுடா அவர்களின் உணவு ராகி முத்தெ என்பதைப் பத்திரிகைகள் எழுதி எழுதி, வடநாட்டாரும் அப்பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ராகி உண்டவன் நோயற்றவன் என்பது இங்கே பழமொழி. நம் ஊரிலோ, கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே என்பது பழமொழி! ஒரே தானியம், இரு மொழிகளில் இரு வகை மரியாதை.

கன்னடத்திலும் இம்மரியாதை தானாக வந்துவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் ‘இராமதான்ய சரிதை’ என்று ஒரு காவியம் இயற்றினார். அதில் நெல்லுக்கும் ராகிக்கும் யார் உயர்ந்தவர் என்ற வழக்கு மூளுகிறது. இராமன் இரண்டையும் ஆறு திங்கள் அடைத்து வைக்கச் செய்கிறான். காலம் கழிந்து எடுத்துப் பார்க்கும்போது நெல் வாடிப் போயிருக்கிறது. ராகியோ திடமாக நிற்கிறது. வெற்றி ராகிக்கு. கதை கற்பனையானாலும் அதன் அடிப்படை உழவர் அறிந்த உண்மை. கேழ்வரகு மணி மிகச் சிறியது, கெட்டியானது. வண்டும் புழுவும் எளிதில் அணுகா. இந்நாட்டார் அதனைத் தரைக்கடியில் குழி தோண்டிப் பல ஆண்டுகள் சேமித்து வைத்தார்கள். மழை பொய்த்த ஆண்டில் உயிர் காத்தது அந்தக் குழிதான். நெல்லைக் குடியுயர்ந்ததாகவும் ராகியைக் குடிதாழ்ந்ததாகவும் எண்ணிய சமுதாயத்தை நோக்கித்தான் கனகதாசர் இந்தக் கதையைச் சொன்னார் என்று அறிஞர் கூறுவர். அது சரியென்றே நமக்கும் தோன்றுகிறது.

விஞ்ஞானமும் பின்னர் துணைக்கு வந்தது. கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலம். மிகப் பழங்காலத்திலேயே அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மண்டியாவின் வி.சி. பண்ணையில் பணியாற்றிய லட்சுமணய்யா என்னும் அறிஞர், இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து ‘இண்டாஃப்’ என்ற வகைகளை உருவாக்கினார். ராகியின் பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்குச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதில் கலப்பினம் செய்வது எத்துணைப் பொறுமையை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1970களில் பரவிய அவ்வகைகளால் விளைச்சல் பெருகிற்று. அவர் 1993இல் மறைந்தார். இந்நாட்டு உழவர் அவரை இன்றும் ‘ராகி’ என்ற அடைமொழியோடுதான் நினைக்கிறார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் இல்லத்தில் களி மீண்டும் வந்தது ஒரு மார்கழி மாதத்தில். பெங்களூரில் மார்கழி, தை மாதங்கள் அவரைக்காய்ப் பருவம். மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து தெருவெல்லாம் அவரை மணக்கும். வி.வி. புரத்தில் அவரைக்கென்றே திருவிழா நடத்துவார்கள். அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் அவரைப் பருப்புச் சாறும் இரண்டு முத்தெயும் ஒரு தட்டில் வைத்து மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டுப் பாட்டிக்கு அப்போது எண்பது வயது இருக்கும். ஊரிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாகிச் சோற்றைக் கொறித்துக்கொண்டிருந்தவர். தட்டைத் திறந்தவுடன் கையை நீரில் நனைத்து, ஒரு துண்டைக் கிள்ளி, விரலால் குழி செய்து, சாற்றில் அமிழ்த்தி, மெல்லாமல் விழுங்கினார். பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ‘பல்லில் படாமல் போக வேண்டும், கண்ணு, மென்றால் ஒட்டிக்கொள்ளும்’ என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். பிறகு அண்டை வீட்டாரை நோக்கி, ‘நன்றாக இருக்கிறது தாயி, ஆனால் நொய் போடவில்லையே?’ என்றார். அந்த அம்மையார், ‘நொய் போட்டால் அது முத்தெ ஆகுமா அஜ்ஜி?’ என்று கேட்டார். அன்று தொடங்கிய வழக்கு பல நாள் நடந்தது.

வழக்கு சிறியதன்று. நம் வட மாவட்டங்களில் முதலில் அரிசி நொய்யை வேகவிட்டு, அது குழைந்தபின் கேழ்வரகு மாவைக் கொட்டுவார்கள். நொய் களிக்கு இளக்கமும் லேசான இனிப்பும் தரும். கன்னட நாட்டில் மாவும் நீரும் உப்பும் மட்டும்; ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு முதல் இரண்டரை டம்ளர் நீர். கொதிக்கும் நீரில் மாவைக் குவியலாகப் போட்டு, நடுவே கோலால் துளையிட்டு, மூடிச் சிறு தீயில் வேகவிட வேண்டும். உடனே கிளறிவிடலாகாது. மாவு தன் ஆவியிலேயே வெந்து, துளையின் வழியே நீர் குமிழியிட்டு மேலே வரும். அதன்பின் பாத்திரத்தைக் கீழே இறக்கி, கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் சுழற்றிக் கிண்ட வேண்டும். கட்டி விழக்கூடாது, வேகாத மாவு எங்கும் நிற்கக்கூடாது. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். வேகாத களி வயிற்றைப் பிசையும் என்பதை ஊரில் வளர்ந்தவர் எவரும் சொல்லுவர். நனைத்த மரத்தட்டில் கொட்டி, சூடு ஆறுமுன் உள்ளங்கையை நீரில் தோய்த்து உருட்ட வேண்டும். எழுதிப் படித்தால் இது ஐந்து வரி. கை பழக ஐந்து மாதமாவது வேண்டும்.

துணைக்கறியிலும் இரு வீட்டாருக்கும் வேறுபாடு உண்டு. அவர்களுக்குக் கீரையும் பயறும் வேகவைத்து வடித்த நீரில் செய்யும் பஸ்ஸாரு, மிளகாயும் உப்பும் அரைத்துக் கூட்டும் உப்புசாரு. நமக்கு மொச்சைக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல், வறுத்த நிலக்கடலைத் துவையல். புளிச்ச கீரையைக் கடைந்து களியோடு உண்டவர்கள் அந்தப் புளிப்பை எளிதில் மறக்கமாட்டார்கள். கேழ்வரகு அடையை வெல்லத்தோடும் வேர்க்கடலையோடும் இடித்து உருட்டும் சிமிலி என்னும் பண்டத்தை மட்டும் அண்டை வீட்டார் அறிந்திருக்கவில்லை. அதனைப் பாட்டி செய்து கொடுத்தார். நொய் வழக்கில் தோற்றவர் யார் என்பதை நாங்கள் இதுவரை தீர்க்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் இரு வகையும் உண்டு.

கூழைப் பற்றி ஒரு சொல். ஆடி மாதத்தில் பெங்களூரின் தமிழர் தெருக்களில் மாரியம்மன் கோயில்களின் முன் பெரிய அண்டாக்களில் கூழ் காய்ச்சி ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டு முழுவதும் கூழை நினையாதவர்களும் அன்று செம்பு ஏந்தி நிற்பார்கள். அம்மனுக்கு உகந்தது என்ற காரணத்தால் கூழ் அங்கே பிழைத்தது. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு காய்ச்சி, ஆறவிட்டு, மறுநாள் மோரோடு கரைக்கும் முறை அந்தக் கோயில் அடுப்புகளில் இன்னும் பிசகாமல் நடக்கிறது. ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியும் இளைஞர்கள் அண்டாவின் அருகே நின்று துடுப்புப் போடுகிறார்கள். அந்த முறையைத் தம் வீட்டு அடுப்புக்குக் கொண்டு வருபவர் மட்டும் சிலரே.

இப்பொழுது கேழ்வரகுக்கு வேறொரு வகையில் யோகம் பிறந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டை இந்திய அரசு சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. இந்தியா முன்மொழிந்தபடி ஐக்கிய நாடுகள் சபை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பெங்களூரில் பெரிய கண்காட்சிகள் நடைபெற்றன. தமிழக அரசும் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கிற்று. எந்த மாவட்டத்தார் களியை விட்டு அரிசிக்கு வந்தார்களோ, அந்த மாவட்டத்துக்கே அது திரும்பி வந்தது! கடைகளில் ராகி பிஸ்கோத்து, ராகி சேமியா, ராகி அவல், ராகி தோசை மாவு எல்லாம் கிடைக்கின்றன. மருத்துவர் சொன்னார் என்று வாங்குகிறார்கள்.

இதில் நமக்குச் சிறிது ஐயம் உண்டு. கேழ்வரகின் சிறப்பு பொய்யன்று. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. நார்ச்சத்தும் இரும்பும் உண்டு. பிள்ளைகளுக்கு முளைகட்டிய ராகிப் பால் காய்ச்சிக் கொடுத்த நம் அன்னையர் அளவுமானி வைத்துப் பார்க்கவில்லை, அனுபவத்தால் அறிந்தார்கள். ஆயினும், நீரிழிவுக்கு இது மருந்து என்று எண்ணி வயிறு கொண்ட மட்டும் உண்பது தவறு. களியும் மாவுப் பொருள்தான். நன்றாக அரைத்துக் குழைய வேகவைத்தால் விரைவில் சர்க்கரையாக மாறும். அளவறிந்து, கீரையோடும் பயற்றோடும் உண்பதே முறை. சர்க்கரையும் மைதாவும் கலந்த பிஸ்கோத்தின் உறையில் ராகிக் கதிரின் படம் இருப்பதனால் அது களிக்கு ஈடாகிவிடாது. மருந்தாக வந்த உணவு, நோய் தணிந்தவுடன் போய்விடும். பசிக்கு உண்ணும் உணவாக, நண்பகலில், குழம்போடு வந்தால்தான் அது வீட்டில் தங்கும்.

தானியம் அழிந்துவிடும் என்ற அச்சம் நமக்கில்லை. உழவர் விளைவிக்கிறார்கள், அரசு கொள்முதல் செய்கிறது, கர்நாடகப் பள்ளிகளில் 2024 முதல் பாலோடு ராகிக் கஞ்சியும் மாணவர்க்கு வழங்கலானார்கள். நமது அச்சம் கையைப் பற்றியது. துடுப்புப் போடத் தெரிந்த கைகள் நம் குடும்பங்களில் எத்தனை? எழுபது வயதைக் கடந்தவர்களிடம் மட்டுமே அது இருக்கிறது. அவர்களும் ‘நகரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு’ என்று வாய் திறவாமல் இருக்கிறார்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். ஏழைமையின் சின்னம் என்று ஒரு காலத்தில் தாங்களே மறைத்து வைத்ததை, பேரன் பேத்தியின் முன்னே எடுத்து வைக்க அவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. கேட்க வேண்டியது நாம்.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நேயர்கள், எங்களுக்குக் கன்னட அண்டை வீட்டார் இல்லையே என்று கூறலாம். மராட்டிய நாட்டின் கடலோரத்தில் இதே தானியத்துக்கு நாசணி என்று பெயர். வடக்கே மலை நாடுகளில் மண்டுவா என்பார்கள். மளிகைக் கடையில் அப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும். முழுத் தானியமாக வாங்கிக் கல் நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி அரைத்துக்கொண்டால் நன்று. முதலில் கால் கிலோ மாவோடு தொடங்குங்கள். ஒரு பிடி நொய்யை வேகவிட்டு மாவைப் போடுங்கள். கன்னட நண்பர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கட்டும். அடி கனத்த பாத்திரமே வேண்டும். மத்தியானம் மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் ஒரு மண்சட்டி நீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் நீரோடு கையால் பிசைந்து கரைத்து, கெட்டி மோரும் உப்பும் சேர்த்தால் கூழ் ஆயிற்று. வெங்காயம் சிறியதாகவே இருக்கட்டும்.